கார்டு புதுசு, கேம் இழுக்குது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பிக்கொட்டை இறங்குகிற அதே பாதையில்தான் மலைக்கு வேண்டிய மற்றதெல்லாம் ஏறுகிறது: அரிசி மூட்டை, சிமென்ட், கேஸ் சிலிண்டர், மருந்து. கம்ப்யூட்டர் சாமான்களும் அப்படித்தான். சேர்வராயன் மலையின் வாழவந்தி போன்ற ஊர்களில் கண்ணுக்குத் தெரிகிற தொழில் காப்பியும், சில்வர் ஓக் மரத்தைப் பற்றிப் படரும் மிளகும். ராம் வேண்டும், எஸ்எம்பிஎஸ் என்ற மின்பெட்டி வேண்டும், கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றால் சேலத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

அப்படி ஒரு கார்டு மலையேறும் நாளை எண்ணிப் பார்க்கலாம். பல மாதம் சேர்த்த பணம். பேருந்தில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்த அட்டைப்பெட்டி. மதியத்துக்குள் கார்டு கேபினெட்டுக்குள் உட்கார்ந்துவிடும். சாயங்காலம் சேலத்துக் கடைக்குப் போன் போகும்.

“அண்ணா, கார்டு மாத்தியும் கேம் இழுக்குதுங்ண்ணா. பழசே தேவலாம் போல இருக்கு.”

கடைக்காரர் பதறுவதில்லை. இந்தப் புகாரை அவர் எத்தனையோ முறை கேட்டவர். “தம்பி, மானிட்டர் வயரை எங்க சொருகியிருக்க?” என்பார். வயர் கார்டில் இல்லாமல் மதர்போர்டின் துளையில் இருந்தால், படத்தைப் போர்டே வரையும், புதுக் கார்டு சும்மா இருக்கும்.

அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய 30 ஆண்டு அனுபவம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் தொழிலுக்குப் பாடப்புத்தகம் இருந்ததில்லை. கடைப்பையன் முதலாளியைப் பார்த்துக் கற்றான். அவனைப் பார்த்து அடுத்தவன் கற்றான். புதுக் கார்டு போட்டும் ஆட்டம் இழுக்கிறது என்ற புகார் ஒன்றேதான். ஆனால் சில ஆண்டுக்கு ஒருமுறை அதன் காரணம் மாறிக்கொண்டே வந்தது. கார்டின் மேல் குற்றம் இருந்தது அபூர்வம். பெரும்பாலும் குற்றவாளி பக்கத்திலேயே இருந்தான்: ஒரு வயர், ஒரு ஸ்லாட், ஒரு மின்பெட்டி. அந்தப் பக்கத்து ஆட்களின் வரலாறுதான் இந்தத் தொழிலின் வரலாறு.

தொடக்கம் சென்னையில். சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி தெரு ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பெயர் போனது. டேப் ரெக்கார்டர், டிவி என்று காலத்தோடு சரக்கை மாற்றிக்கொண்டே வந்த அந்தத் தெரு, 1990களில் கம்ப்யூட்டரைக் கையில் எடுத்தது. 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது முதல் நகரங்களில் சென்னையும் இருந்தது. 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. அதன்படி கம்ப்யூட்டர் பாகங்களின் இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து, 2005-க்குள் பெரும்பாலும் இல்லாமலே போனது. கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் விற்றுப் பெயர் வாங்கிய ஜீப்ரானிக்ஸ் சென்னையில் தொடங்கியதும் அதே 1997-ல்தான். கம்பெனி கம்ப்யூட்டரைவிட ‘அசெம்பிள்டு’ விலை குறைவு என்பது ஊரறிந்த உண்மையானது. மதுரை, கோவை, ஈரோடு, சேலம் என்று எல்லா ஊரிலும் ஸ்க்ரூ டிரைவரோடு ஆட்கள் கிளம்பினார்கள்.

கிராபிக்ஸ் கார்டு என்ற சொல் விளையாட்டுப் பிள்ளைகள் வாய்க்கு வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். 1996-ல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு ஒரு விசித்திரப் பிறவி. முப்பரிமாணப் படம் மட்டும்தான் அதற்கு வரையத் தெரியும். சாதாரணத் திரைக்குப் பழைய கார்டும் கூடவே இருந்தாக வேண்டும். பழைய கார்டிலிருந்து ஒரு குட்டை வயர் வூடூவின் ஒரு துளைக்குப் போகும். மறு துளையிலிருந்து மானிட்டருக்கு இன்னொரு வயர். மானிட்டரைப் பழைய கார்டிலேயே விட்டுவிட்டால், ஆட்டத்தின் ஓசை கேட்கும், படம் தெரியாது. “வயரை எங்க சொருகியிருக்க?” என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

அடுத்து ஏஜிபி ஸ்லாட் வந்தது. அதுவரை எல்லாக் கார்டுகளும் பிசிஐ ஸ்லாட்டில் நொடிக்கு 133 மெகாபைட் பாதையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. 1997 முதல் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனிப் பாதை. ஆனால் பாதை போட்டால் மட்டும் போதவில்லை. வியா நிறுவனத்தின் சிப்செட் கொண்ட போர்டுகளில், ‘போர்-இன்-ஒன்’ என்ற டிரைவரைப் போட்டால்தான் ஏஜிபியின் முழுப் பயனும் கிடைக்கும். விண்டோஸ் போட்டு, கார்டு டிரைவரும் போட்டுவிட்டு இதை மறந்தவர்கள் கார்டைத் திட்டினார்கள். ‘முதல்ல போர்டு டிரைவர், அப்புறம் கார்டு டிரைவர்’ என்ற வரிசை அந்தக் காலத்துப் பாடம். பழைய கார்டின் டிரைவர் மிச்சங்களைத் துடைத்தெடுக்க இன்று டிடியு என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அன்று விண்டோஸை மறுபடி போடுவதுதான் வழி. அரை நாள் அதிலேயே போய்விடும்.

இந்த வரலாற்றில் மனசு வலிக்கிற ஒரு கட்டம் உண்டு. 2002-ல் இன்டெல் 845ஜிவி என்ற சிப்செட்டை வெளியிட்டது. படம் காட்டும் வேலையைப் போர்டே செய்துவிடும். தனிக் கார்டு வேண்டாம். விலையும் குறைவு. அலுவலகத்துக்கும் பிரௌசிங் சென்டருக்கும் பொருத்தமான சரக்கு. ஆனால் பெயரின் கடைசியில் இருந்த அந்த ‘வி’ எழுத்துக்குள் ஒரு செய்தி ஒளிந்திருந்தது: இந்த சிப்செட் ஏஜிபி ஸ்லாட்டுக்கு இடம் கொடுக்காது. பின்னால் வந்த 865ஜிவியும் அப்படியே. அதற்கும் பின் வந்த 915ஜிவியில் கிராபிக்ஸ் கார்டுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை கிடையாது.

பிள்ளையின் படிப்புக்கென்று வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய காலம் அது. விலைப்பட்டியலில் சில நூறு ரூபாய் குறைகிறதே என்று பார்த்த அப்பாவுக்கு ஒரு எழுத்தின் அர்த்தம் எப்படித் தெரியும்? 2003-ல் ‘வைஸ் சிட்டி’ என்ற ஆட்டம் கம்ப்யூட்டருக்கு வந்தது. 2005-ல் ‘மோஸ்ட் வான்டட்’. கார்டு வாங்கலாம் என்று கேபினெட்டைத் திறந்தவர்கள் போர்டில் அந்தப் பழுப்பு ஸ்லாட்டைத் தேடி ஏமாந்தார்கள். வெறும் பிசிஐ ஸ்லாட்டில் போடுகிற கார்டுகளும் கடையில் கிடைத்தன. வேறு வழியில்லாமல் அதை வாங்கிப் போட்டால் மறுபடி அந்த 133 மெகாபைட் சந்துக்குள்தான் போய் நிற்க வேண்டும். அதே காலத்தில் நல்ல போர்டுகளில் இருந்த ஏஜிபி 8எக்ஸ் பாதையோ நொடிக்கு 2,100 மெகாபைட். கார்டு புதுசுதான், போகிற வழிதான் பழசு. அப்போது விற்றவர்கள் ‘பின்னாடி கார்டு போட முடியாதுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் பணம் மிஞ்சியிருக்கும். சொல்லி விற்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் கடைக்குத்தான் ஆட்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்.

பெயரில் ஒளிந்த ஏமாற்றம் இன்னொரு வகையிலும் வந்தது. 2002-ன் ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 பெயரில் நான்காம் தலைமுறை. உள்ளே இருந்த சரக்கு, முந்தைய ஜிஃபோர்ஸ்3-ல் இருந்த ஷேடர் திறன்கூட இல்லாதது. அதனால் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சான்ட்ஸ் ஆஃப் டைம்’ போன்ற ஆட்டங்கள் அந்தக் கார்டை ஏற்கவே இல்லை. பிற்காலத்து உதாரணம் ஜிடி 1030. 2017-ல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்த கார்டு நொடிக்கு 48 ஜிகாபைட் தரவைப் புரட்டியது. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு வந்தது 17 ஜிகாபைட்டைக்கூட எட்டவில்லை. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். பக்கத்து வீட்டுப் பையனிடம் ஓடும் அதே கார்டு தன்னிடம் மட்டும் ஏன் இழுக்கிறது என்று ஒருவன் மண்டையைக் குடைந்துகொண்டால், அதற்கு இந்தப் பொடி எழுத்தும் காரணமாக இருக்கும்.

இனி மின்சாரம். இதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் பழுதைப் பற்றிப் பேச முடியாது.

2004-ல் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வந்தபோது அந்த ஸ்லாட் வழியாகவே கார்டுக்கு 75 வாட் வரை கிடைத்தது. அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர்: ஆறு முனை வயருக்கு 75 வாட், எட்டு முனைக்கு 150. இந்தத் தனி வயரைச் சொருக மறப்பது புதுக் கைகளின் வழக்கமான தவறு. அந்தக் காலத்து என்விடியா கார்டுகள் அப்போது அணைந்துவிடாது. போதிய மின்சாரம் வரவில்லை, அதனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன் என்று திரையில் ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு, தவழ்ந்துகொண்டே ஓடும். ஆங்கில எச்சரிக்கையைப் படிக்காமல் மூடிவிட்டு ‘கார்டு வேஸ்ட்’ என்று கடைக்குத் தூக்கி வந்தவர்களுக்கு, கடைக்காரர் கேபினெட்டுக்குள் கைவிட்டு ஒரு வயரைச் சொருகிக் கொடுத்து அனுப்பினார். காசு வாங்காமல் செய்துகொடுக்கிற வேலைகளில் அதுவும் ஒன்று.

வயர் சொருகினாலும் பெட்டிக்குள் பலம் இருக்க வேண்டும். கேபினெட்டோடு சேர்த்து வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கைதேர்ந்தவர்கள் அந்தப் பெரிய எண்ணைப் பார்ப்பதில்லை. கீழே சின்னக் கட்டத்தில் 12 வோல்ட் என்பதற்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்ப்பார்கள். அங்கே 15 என்று இருந்தால் கணக்கு எளிது: 12 பெருக்கல் 15, மொத்தம் 180 வாட். பிராசஸரும் கார்டும் அந்த 180-க்குள்தான் குடித்தனம் நடத்தியாக வேண்டும். ஆட்டத்தில் குண்டு வெடித்துப் புகை பரவும் காட்சியில், கார்டு முழு பலத்தையும் கேட்கும் அந்த நொடியில், கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து மறுபடி எழும். எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கி எடை பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. உள்ளே செம்புச் சுருளும் வெப்பத் தகடும் சரியாக இருந்தால் பெட்டி கனக்கும். அறிவியல் கருவி இல்லாத கடையில் கைதான் தராசு.

2008-க்குப் பிறகு தமிழ்நாட்டை மின்வெட்டு பிடித்து ஆட்டியது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. இன்வெர்ட்டரும் யுபிஎஸ்ஸும் வீட்டுச் சாமான் ஆகின. சென்னையில் 1984-ல் தொடங்கிய நியூமெரிக் நிறுவனத்தின் யுபிஎஸ் பெட்டிகளைத் தெரியாத அலுவலகம் குறைவு. ஆனால் வீட்டுக்கு வாங்கிய சின்ன 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்தான். பழைய கார்டுக்கு அது போதும். புதுக் கார்டு வந்ததும், மின்சாரம் போன நொடியில் யுபிஎஸ் நீளமாக ஒரு கூச்சல் போட்டுவிட்டுக் கைவிரித்துவிடும். மலை ஊர்களிலோ மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுவது எப்போதும் உள்ள கதை. சில்வர் ஓக் வரிசைக்கு நடுவே போகும் கம்பியின் கடைசி வீட்டில் வோல்டேஜ் இறங்கி ஏறுவதை பல்பின் வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம். அதனால் மலையிலிருந்து வரும் புகார் என்றால், கார்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ‘கரண்ட் எப்படி இருக்கு?’ என்று விசாரிப்பது நியாயம்தான்.

வயர் சரி, மின்சாரமும் சரி. அப்படியும் இழுத்தால்?

இங்கே காப்பித் தோட்டத்துக் கணக்கு உதவும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அறுவடையின் வேகத்தை ஒரு இடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தை இரண்டு மடங்கு பெரியதாக வாங்கிவிட்டால் மட்டும் கொட்டை இரண்டு மடங்கு வந்துவிடாது. பறிக்கும் கைகள் அதே இருபதுதான் என்றால் இயந்திரம் பாதி நேரம் சும்மா சுற்றும். கிராபிக்ஸ் கார்டு அந்த பல்ப்பர். ஒவ்வொரு காட்சியிலும் யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்குப் போட்டுப் பழம் பறித்துக் கொடுப்பது பிராசஸர். பத்து வயதான பிராசஸரோடு இன்றைய கார்டைக் கட்டிவைத்தால் கார்டு காத்துக்கொண்டு நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஆட்டத்தின் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வேகம் கூடினால் சுமை கார்டின் மேல் இருந்தது. ஒரு பிரேம்கூடக் கூடவில்லை என்றால் பிராசஸர் பக்கம்தான் தடை. இந்தச் சோதனைக்கு முன்னால் கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவது அவசரம்.

ராமிலும் ஒரு பழைய சிக்கனம் ஒளிந்திருக்கிறது. 2003-ன் இன்டெல் 865 போர்டுகளிலிருந்தே இரண்டு ராம் ஜோடியாகப் போட்டால் பாதை இரட்டிப்பாகும் வசதி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. ஆனாலும் ‘இப்போ ஒண்ணு போடுங்க, அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்’ என்றுதான் நம்மவர்கள் வாங்கினார்கள். அந்த ‘அப்புறம்’ பல வீடுகளில் வரவே இல்லை. ஒற்றை ராமோடு ஓடும் கம்ப்யூட்டரில் சராசரி வேகம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். திடீர் திடீரென்று விக்கும்.

ஸ்லாட்டின் கதையும் முடிந்துவிடவில்லை. பல போர்டுகளில் ஒரே நீளத்தில் இரண்டு ஸ்லாட் இருக்கும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் இரண்டாவதில் தங்க நிறப் பற்கள் கால்வாசி தூரத்தோடு நின்றுவிடும். கார்டு அதில் அழகாக உட்காரும், ஆனால் 16 பாதைக்குப் பதில் நான்குதான் கிடைக்கும். 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்குப் பிறவியிலேயே நான்கு பாதைதான். நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்டில் அது சமாளித்துக்கொண்டது. மூன்றாம் தலைமுறை போர்டில் பாதையின் வேகம் பாதியானது. 4 ஜிகாபைட் நினைவகம் நிறைந்து வழியும் ஆட்டங்களில் விக்கல் எடுத்தது. பழைய கம்ப்யூட்டருக்கு மலிவாக ஒரு கார்டு என்று வாங்கியவர்கள்தான் இதில் மாட்டிக்கொண்டவர்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகள் இன்னொரு நிபந்தனை போட்டன. ரீசைஸபிள் பார் என்ற வசதி பயாஸில் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் வெகுவாக இறங்கும். ஒரு வகையில் வியாவின் ‘போர்-இன்-ஒன்’ காலம் திரும்பி வந்ததுபோல்தான்.

இதையெல்லாம் திரையிலேயே காட்டும் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருள், இன்றைய பழுது பார்ப்பவரின் ஸ்டெதாஸ்கோப். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு தன் பாதையின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து ஸ்லாட் பழுது என்று முடிவுகட்டக் கூடாது. பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி, கார்டுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்து, ஓடும்போது பார்க்க வேண்டும்.

கடைசியாக, சூடும் தூசும். இதில் மலைக்குச் சாதகம் அதிகம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று கொஞ்சம் மெலிது என்பதால் ஃபேன் தள்ளும் காற்றின் எடை சற்றுக் குறையும். ஆனால் சித்திரை வெயிலில் சேலம் வேகும்போது, மலை அதைவிடப் பல டிகிரி தணிந்தே இருக்கும். என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 கார்டுக்கு வைத்த வெப்ப இலக்கு 83 டிகிரி. அதைத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சேலத்து மாடி அறையில் 83-ஐத் தொடும் கார்டு வாழவந்தியின் மார்கழி இரவில் அந்தப் பக்கமே போகாது.

பாதகமும் உண்டு. பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள் நுழையும் ஊரில் ஈரம் எல்லாவற்றின் மேலும் படியும். கார்டின் அடியில் இருக்கும் தங்க முலாம் பூசிய பற்களில் மெல்லிய படலம் ஒன்று கட்டும். அதற்குத் தமிழ்நாட்டுக் கடைகளெல்லாம் வைத்திருக்கும் மருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பர். கார்டைக் கழற்றி, பற்களை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ‘டக்’ என்று பூட்டும் ஓசை கேட்கும்வரை திரும்ப அழுத்துவார்கள். பாதி வேகத்தில் ஓடிய கார்டு முழு வேகத்துக்கு வர அந்த ரப்பரே போதுமாக இருந்த நாட்கள் உண்டு.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் சூட்டின் கதை வேறு. 2022 செப்டம்பர் 15-ல் எதீரியம் நாணயம் கார்டுகளை வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்க செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து விழுந்தன. மேலே பளபளப்பு, உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். அப்படி ஒரு கார்டு மலையேறி வந்தால் மார்கழிக் குளிரும் அதைக் காப்பாற்றாது. ஃபேனைக் கழற்றி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதுசு தடவி, வெப்பத் தகட்டின் இடுக்குகளைப் பெயின்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாக வேண்டும்.

அந்த மெல்லிய தகடுகள் அலுமினியம். மேட்டூரில் 1965 முதல் அலுமினியம் உருக்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அதற்கு வேண்டிய பாக்சைட்டை இந்த சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லி மலையிலிருந்தும்தான் வெட்டி எடுத்தது. 2008-ன் இறுதியில் உலை நின்றது. சேர்வராயன் கோயில் இருக்கும் தட்டையான உச்சி இன்றும் அந்தச் செம்மண் பாறைதான். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மேலே நடந்து போய் வந்தால் செருப்பின் அடியில் அது ஒட்டிக்கொண்டு வரும்.